சாம்பிள் ரூமில் கற்றுக்கொண்ட ஸ்கிரீன் டிசைன்

திருப்பூரில் பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. மாடியில் ஏசி ரூம். சுவர் அகல டிவியில் என்னுடைய பதினெட்டு ஸ்கிரீன்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். தையல் லைனில் மணிக்கு எத்தனை பீஸ் இறங்குகிறது, செக்கிங்கில் எத்தனை ஆல்டருக்கு, அதாவது சரிசெய்யத் திரும்பிப் போகிறது, எத்தனை டேமேஜ் என்பதையெல்லாம் நோட்டில் எழுதாமல் போனிலேயே போட்டுவிடுகிற ஆப் அது. நான் கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டிசைனர். பத்து நாள் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் உட்கார்ந்து செய்திருந்தேன். பட்டனுக்கு நிழல், ஓரத்துக்கு வளைவு, தொட்டால் அடுத்த பக்கம் வழுக்கிக்கொண்டு வருவது என்று அசல் ஆப் போலவே இருந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.

எதிரே முதலாளி, அவர் மகன், மெர்ச்சண்டைசர், புரொடக்‌ஷன் மேனேஜர். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் ஒரு மணி நேரம் பச்சை நிறத்துக்கே போனது. "இது நம்ம லோகோ பச்சை இல்லீங்களே" என்றார் மகன். முதலாளிக்கு நீலம் பிடிக்கும். மெர்ச்சண்டைசர் ஒரு ஐகானை மாற்றச் சொன்னார். மேனேஜர் ஒரு பட்டனைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். டீ வந்தது, முறுக்கு வந்தது. "சூப்பருங்க, இப்படியே பண்ணீருங்க" என்று முடித்தார்கள்.

இப்படியே பண்ணினோம். சில வாரம் கழித்து ஆப் லைனுக்கு வந்தது. நாலாம் நாளே போன்களெல்லாம் மேனேஜர் டேபிள் டிராயருக்குள் போய்விட்டன. சூப்பர்வைசர்கள் பழையபடி நோட்டை எடுத்துக்கொண்டார்கள். நாலு கோடு, குறுக்கே ஒன்று.

என்ன குறை என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இது ஒரு தனிச் சிக்கல். முகத்துக்கு நேரே "நல்லா இல்லை" என்று சொல்லிவிட மாட்டார்கள். "நல்லாத்தானுங்க இருக்குது, நமக்குத்தான் பழக்கம் பத்தலீங்" என்பார்கள். நானும் அவிநாசிக்காரி. "பரவால்லீங்" என்று வந்தால் அந்தப் பொருள் உதவாது என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மாடி ரூமில் கேட்ட "சூப்பருங்க"வை நம்பிவிட்டேன்.

மேனேஜர் டையிங்குக்குப் போயிருந்த ஒரு மதியம், அவர் வரும்வரை காத்திருக்க இடமில்லாமல் சாம்பிள் ரூமில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஃபேன் நன்றாக ஓடும், அதுதான் காரணம். ஹேங்கரில் ஒரு டீ ஷர்ட் தொங்கியது. உடம்பு கத்தரிப்பூ நிறம், கை கிளிப்பச்சை, கழுத்து ரிப் சாம்பல் நிறம். "இதுதான் இப்ப ஃபேஷனுங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன். சாம்பிள் மாஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அது ப்ரோட்டோ சாம்பிளு அம்மிணி. கைக்குக் கெடச்ச துணியில தெச்சது. அதுல கலரு பாக்கக் கூடாது. கழுத்து எப்படி உக்காருது, பாக்கெட் எங்க வருது, வெட்டு எங்க வருது, அத மட்டுந்தான் ஆர்டர் குடுக்கற பையர் பாப்பாரு."

"அப்பக் கலரை எப்பங்க பாப்பாங்க?"

டிராயரைத் திறந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். தீப்பெட்டி அளவில் மூன்று துண்டுத் துணி ஒட்டியிருந்தது. ஏ, பி, சி என்று எழுதியிருந்தது. எனக்கு மூன்றும் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. அது லேப் டிப். சட்டையே கிடையாது, சாயம் மட்டும். அதையும் வெறும் கண்ணால் ஜன்னல் ஓரம் பார்த்துச் சொல்லிவிட முடியாது. லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பிரிண்ட்டுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் என்று வேறொன்று. அதில் துண்டுத் துணியில் பிரிண்ட் மட்டும் இருக்கும். அளவுக்கு ஃபிட் சாம்பிள்; பெரும்பாலும் மீடியம் சைஸ் ஒன்றே ஒன்று, துணியின் கனம் சரியாக இருக்க வேண்டும், நிறம் எதுவானாலும் சரி. அது ஓகே ஆனால் எல்லா சைஸிலும் ஒவ்வொன்று, அது சைஸ் செட். இவ்வளவும் தாண்டிய பிறகுதான் பிபி சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய கடைசி மாதிரி. அதில் அசல் துணி, அசல் நூல், அசல் லேபிள் என்று எல்லாம் அசல். அது சீல் ஆகி வந்தால்தான் கட்டிங் டேபிளில் துணி விரிப்பார்கள்.

"எதுக்குங்க மாஸ்டர் இத்தனை? ஒரேடியா எல்லாத்தையும் சேத்துத் தெச்சு ஒண்ணா அனுப்பீட்டா?"

"அனுப்பலாம். பையரு கலரைப் பத்தி நாலு பக்கம் மெயில் போடுவாரு. அளவைப் பாக்காமயே ஓகேன்னுடுவாரு. பத்தாயிரம் பீஸ் வெட்டுன பொறகு பாத்தா, கழுத்துல தலை நுழையாது."

மாடி ரூமில் நான் செய்த காரியம் அதுதான் என்று அப்போது உறைத்தது.

லோ ஃபிடிலிட்டி, ஹை ஃபிடிலிட்டி என்ற வார்த்தைகள் எனக்குப் புதிதல்ல. முதலில் காகிதக் கிறுக்கல், அப்புறம் வயர்ஃப்ரேம் என்கிற சாம்பல் நிறக் கட்டங்கள், கடைசியில் வண்ணத்தோடு முழு ஸ்கிரீன் என்று மூன்று படி சொல்லித் தருவார்கள். நானும் அதைப் படிக்கட்டு என்றே நினைத்திருந்தேன். ஏறத் தெரிந்தவள் கீழ்ப்படியில் ஏன் நிற்க வேண்டும், ஃபிக்மாவில் வேகமாக வருகிறதே, நேரே மேல்படிக்கே போய்விடலாமே என்று ஒரு திமிர். மாஸ்டரின் டிராயரைப் பார்த்த பிறகு அது படிக்கட்டாகத் தெரியவில்லை. லேப் டிப் நிறத்தில் நூற்றுக்கு நூறு அசல், வடிவத்தில் பூஜ்யம். ப்ரோட்டோ அப்படியே தலைகீழ். எந்த மாதிரிக்கும் எதில் அசலாக இருக்க வேண்டும், எதில் பொய்யாக இருந்தால் போதும் என்று தனித்தனியாக முடிவு செய்துகொள்கிறார்கள்.

நம் துறையிலும் இதைச் சொன்னவர்கள் உண்டு. ஆப்பிளில் வேலை செய்த ஸ்டெஃபனி ஹூட், சார்லஸ் ஹில் இருவரும் 1997இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு மாதிரி எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பதைவிட, அது எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று பாருங்கள் என்பார்கள். அந்தப் பொருள் ஒருவர் வாழ்க்கையில் எந்த வேலைக்கு வருகிறது, பார்க்கவும் தொடவும் எப்படி இருக்கிறது, உள்ளே எப்படி இயங்குகிறது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பாம் பைலட் என்ற கையடக்கக் கம்ப்யூட்டரின் கதையும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜெஃப் ஹாக்கின்ஸ் அதைச் செய்வதற்கு முன் அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது மீட்டிங் கேட்டால் கட்டையை எடுத்து அதில் நாள் குறிப்பதுபோல் பாவனை செய்வார். கட்டையில் ஸ்கிரீனே கிடையாது. ஆனால் பையில் அடங்குமா, எப்போதெல்லாம் கை அதைத் தேடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் அது போதும். இதையெல்லாம் படித்து மண்டையில் வைத்திருந்தேன். திருப்பூரில் ஒருவர் சட்டையைக் காட்டிச் சொன்ன பிறகுதான் கைக்கு வந்தது.

மறுபடி தொடங்க முதலாளி ஒத்துக்கொண்டார். "இந்தத் தடவை ப்ரோட்டோவுல இருந்து வர்றோமுங்க" என்று சொன்னதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். வயர்ஃப்ரேம் என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார். ப்ரோட்டோ என்றால் அவர் பாஷை.

ஏ4 தாளில் போன் அளவுக்கே கட்டம் போட்டுக்கொண்டேன். அகலம் ஏழு சென்டிமீட்டர், உயரம் பதினைந்து. இந்த அசல் அளவு முக்கியம். பெரிய தாளில் விஸ்தாரமாக வரைந்தால் எல்லாமே அடங்கும், அப்புறம் போனில் அடங்காது. பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தடித்த ஸ்கெட்ச் பேனா எடுத்துக்கொண்டேன். அதில் பொடி எழுத்து எழுத வராது, நிழல் போட வராது. கை தானாகவே அடங்கி முக்கியமானதை மட்டும் வரையும். பால்சாமிக் என்ற மென்பொருள் 2008இலிருந்து இதே எண்ணத்தில்தான் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் செய்தாலும் கையால் கிறுக்கியதுபோலத்தான் காட்டும், பார்ப்பவர் இது முடிந்த வேலை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. காகிதத்துக்கு அது இயல்பிலேயே உண்டு.

வெட்டிய தாளை, பேக்கிங்கில் டீ ஷர்ட்டுக்குள் வைத்து மடிக்கிற அட்டையில் ஒட்டிக்கொண்டேன். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கம்ப்யூட்டராக நடிக்க வந்தான். அவன் வேலை, தொட்ட இடத்துக்கு ஏற்ற அடுத்த அட்டையை வைப்பது மட்டும். வாயைத் திறக்கக் கூடாது. கேட்க எளிது, ஆனால் பெரிய கஷ்டம் அது. யாராவது தவறான இடத்தைத் தொட்டதும் நமக்கு நாக்கு அரிக்கும், "அதில்லைங்க்கா, இது" என்று. சொன்னால் அன்றைக்கு வந்த வேலை போச்சு.

செக்கிங் டேபிளில் ஓர் அக்கா. இடது கையில் பீஸ், வலது கையில் நூல் வெட்டும் ட்ரிம்மர். நின்றுகொண்டே வேலை. அட்டையை அவர் முன்னால் வைத்து, "இந்த பீஸ்ல ஓட்டை இருக்குன்னு வெச்சுக்கங்க்கா, இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் அட்டையைத் தொடவே இல்லை. அடுத்த பண்டலை எடுத்துப் போட்டார், அட்டை துணிக்குவியலுக்கு அடியில் போய்விட்டது. தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதை எங்கீங்க வெக்கறது?" என்றார்.

பதினெட்டு ஸ்கிரீன் வரைந்தவளுக்கு போன் எங்கே இருக்கும் என்ற யோசனை வரவில்லை. மாடி ரூமில் அது டிவியில் இருந்தது.

டியூப்லைட் தொங்கும் கம்பியில் கிளிப் போட்டு, கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அட்டையைக் கட்டினோம். மறுபடி அதே கேள்வி. நான் வரைந்திருந்ததில் "நல்ல பீஸ்" என்ற பட்டன்தான் பெரிசு. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "நல்லதை எதுக்குங்க்கா அமுக்கோணும்? பண்டல்ல எத்தனைன்னுதான் சீட்டு இருக்குதே. கெட்டதைச் சொன்னாப் போதாதா?" சரிதானே? பண்டல் சீட்டில் இருபது என்றால், கெட்டது இரண்டு என்று போட்டதும் நல்லது பதினெட்டு என்று ஆப் கழித்துக்கொள்ளாதா? ஒரு ஷிஃப்ட்டில் நூற்றுக்கணக்கான முறை அமுக்க வைத்திருந்த பட்டனை அந்த இடத்திலேயே ஸ்கெட்ச் பேனாவால் அடித்தேன். ஃபிக்மாவில் அதே பட்டனுக்கு அரை நாள் செலவழித்திருந்தேன். அப்படிச் செலவழித்ததை அடிக்க மனசு வந்திருக்குமா என்பது சந்தேகம். காகிதத்தின் பெரிய லாபமாக நான் நினைப்பது இதைத்தான். இருபது நிமிஷத்தில் வரைந்ததைக் கிழிக்க யாரும் அழுவதில்லை.

அடுத்தது, என்ன குறை என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல். ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்டது, ஷேடு என்று பதினோரு வரி தமிழில் எழுதியிருந்தேன். பக்கத்து டேபிளில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். தமிழ் நன்றாகவே பேசுவார், படிக்கத் தெரியாது. அவர் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் டேபிளில் இருந்த ஆரோ ஸ்டிக்கர் ஒன்றைப் பிய்த்தார். பீஸில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சின்ன சிவப்பு அம்பு அது. என் அட்டையின் ஓரத்தில் சும்மா அழகுக்கு ஒரு டீ ஷர்ட் படம் கிறுக்கியிருந்தேன். அந்தப் படத்தின் தோளில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

அதுதான் கடைசியில் ஸ்கிரீன் ஆனது. நடுவில் சட்டையின் கோட்டுப்படம், குறை இருக்கும் இடத்தைத் தொட வேண்டும், தொட்டதும் நாலு பெரிய படக்குறி. செக்கிங்குக்கு மட்டும் நான் ஏழு ஸ்கிரீன் வரைந்திருந்தேன், இரண்டில் முடிந்தது. அன்றைக்கு ஐந்து பேரிடம்தான் காட்டினோம். நாலாவது ஆளிடமே பழைய விஷயங்கள் திரும்ப வர ஆரம்பித்துவிட்டன. பயன்பாட்டுச் சோதனை நிபுணர் யாக்கோப் நீல்சன் ஐந்து பேர் போதும் என்று சொல்வது ஓரளவுக்குச் சரி. ஆனால் ஐந்து பேரும் ஒரே டேபிளில் இருக்கும் ஐந்து பேராக இருந்தால் ஏமாந்துபோவோம். செக்கிங்குக்கு ஐந்து, சூப்பர்வைசருக்குத் தனியாக ஐந்து என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

காகிதம் பொய்யும் சொல்லும், அதையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டச் சுண்ணாம்புப் பொடியில் மார்க்கிங் போடுவார்களே, அந்த வெறும் தரையில் நின்று பார்த்தால் எல்லா ரூமும் சின்னதாகவே தெரியும். "சமையக்கட்டை இன்னும் ரெண்டடி தள்ளுங்க" என்று சொல்லாத வீட்டுக்காரர் கிடையாது. சுவர் எழும்பிய பிறகுதான் இடம் தெரியும். காகிதத்தில் அதுபோல மக்களுக்குப் பொறுமை அதிகம். தம்பி அட்டை மாற்ற மூன்று விநாடி எடுத்தாலும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அதே மூன்று விநாடி போன் எடுத்தால் திட்டுவார்கள். வேகம், நெட்வொர்க், விரல் தவறுவது இதையெல்லாம் காகிதத்தில் கேட்கக் கூடாது.

அப்புறம் சாம்பல் கட்டங்களுக்கு வந்தேன். இதில் நிறம் கிடையாது, ஆனால் எழுத்தும் எண்ணும் அசலாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மெர்ச்சண்டைசரிடம் அன்றைய ஆர்டர் ஷீட்டை வாங்கி அப்படியே போட்டேன். முன்பெல்லாம் "ஆர்டர் 1", "ஸ்டைல் 2" என்று போட்டு ஒப்பேற்றுவேன். உண்மையான ஆர்டர் எண் பன்னிரண்டு இலக்கம். ஒரே பையர் என்பதால் முதல் எட்டு இலக்கமும் எல்லா ஆர்டரிலும் ஒன்றேதான். என் லேஅவுட்டில் இடம் பத்தாமல் கடைசி இலக்கங்களை வெட்டி மூன்று புள்ளி வைத்திருந்தேன். வரிசையாக ஆறு ஆர்டர், ஆறும் பார்க்க ஒன்றுபோல. கடைசி நாலு இலக்கத்தைப் பெரிசாகவும் மீதியை மேலே பொடிசாகவும் போட்டதும் சூப்பர்வைசர், "நாங்களும் அந்த நாலு நம்பரைச் சொல்லித்தானுங்க பேசிக்குவோம்" என்றார். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

தமிழ் எழுத்து இன்னொரு பாடம். ஆங்கிலத்துக்குப் பழகிய கையால் வரி இடைவெளி வைத்தால் மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் இகரக் குறியும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைக்கிறேன். ஒரே எழுத்தளவில் தமிழுக்கு அகலமும் கூடுதலாக வேண்டும். "ஓவர்லாக் தையல் விட்டது" ஒரு பட்டனில் ஒரே வரியில் உட்காராது, இரண்டு வரிக்கு இடம் விட்டே பட்டனை வரைய வேண்டும். பொடி அளவில் தடித்த எழுத்து வேண்டவே வேண்டாம், ணகரமும் ஞகரமும் மைக்கறை ஆகிவிடும். புரியாத லத்தீன் நிரப்பு வாக்கியத்தைப் போட்டு லேஅவுட் செய்கிறவர்களுக்கு இந்தச் சங்கதி கடைசி நாள்வரை கண்ணில் படாது. வார்த்தையையும் அகராதியில் தேட வேண்டாம். "குறைபாட்டுப் பதிவு" என்று நான் போட்டதை ஒருவர்கூட ஒரே மூச்சில் படிக்கவில்லை. "டேமேஜ்" என்று மாற்றினேன்.

இதற்குள் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். "கலர் பார்க்க வேண்டாம்" என்று ஒரு வரி, அதன் கீழே "இதில் பார்க்க வேண்டியது" என்று எழுதிக் கோடு. யாரிடம் காட்டும் தாளிலும் அதை அடித்து, கோட்டின்மேல் ஒரே ஒரு கேள்வியை எழுதுவேன். அந்தக் கேள்வியை எழுத வரவில்லை என்றால் அந்த மாதிரியைச் செய்யும் நேரம் இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொள்வேன். ஸ்டாம்பைப் பார்த்து முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கலர் கேட்கவில்லை.

இயக்கத்தைப் பார்க்க வேண்டிய கட்டத்தில் ஃபிக்மா உதவவில்லை. அதில் எதைத் தொட்டாலும் உடனே நடக்கும், நெட் போகாது. எங்கள் டெவலப்பரிடம் கேட்டு ஒரு வெறும் வெப் பக்கம் செய்தோம். வெள்ளை, கறுப்பு, பெட்டி பெட்டியாகப் பட்டன், பார்க்கச் சகிக்காது. ஆனால் எண்ணும், சேமிக்கும். அவர்கள் வாங்கி வைத்திருந்த விலை மலிவான போனிலேயே ஏற்றி அரை ஷிஃப்ட் ஓட விட்டோம். தகரக் கூரை ஷெட்டில் மூலை டேபிள்களுக்கு வைஃபை வந்து வந்து போனது, அதனால் போனிலேயே எழுதி வைத்துக்கொண்டு நெட் வரும்போது அனுப்ப வேண்டும் என்று தெரிந்தது. பேட்லாக் மெஷின் சத்தத்தில் போனின் பீப் கேட்கவில்லை. பதிந்ததா என்று தெரியாமல் ஆளுக்கு இரண்டு முறை அமுக்கினார்கள், கணக்கு இரட்டிப்பானது. தொட்டதும் முழு ஸ்கிரீனும் ஒரு கணம் நிறம் மாறினால்தான் ஓரக்கண்ணில் படும். "தப்பாப் போட்டுட்டனுங்க, எப்படி எடுக்கறது?" என்று அன்றைக்கு ஏழெட்டு முறை எங்களிடம் கேட்டார்கள். என் பதினெட்டு அழகான ஸ்கிரீன்களில் ஒன்றில்கூடத் திரும்ப எடுக்கும் பட்டன் இருந்ததில்லை.

சைஸ் செட்டும் செய்தோம். அந்தப் பெயரிலேயே செய்தோம். ஐந்து இஞ்ச் பழைய போன், ஆறரை இஞ்ச் போன், கண்ணாடி விரிசல் விட்ட போன், அப்புறம் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சூப்பர்வைசரின் சொந்த போன். அவர் எழுத்தளவை அமைப்பில் கடைசிக்கே இழுத்து வைத்திருந்தார். அதில் என் லேஅவுட் சந்தைக்கடை மாதிரி ஆனது. எழுத்து பெட்டியைத் தாண்டிப் போய், சேமிக்கும் பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே கிடந்தது. ஒரு நாள் வேலையில் சரியாயிற்று. விட்டிருந்தால் அவர் "கண்ணாடி கொண்டு வரலீங்" என்று சொல்லி நோட்டுக்கே போயிருப்பார்.

நிறத்துக்குக் கடைசியாக வந்தோம். மூன்று வகை செய்து ஏ, பி, சி என்று பெயரிட்டுப் போனில் ஏற்றி ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். ஏசி ரூமில் காட்டவே இல்லை. செக்கிங் டேபிளின் டியூப்லைட்டுக்குக் கீழே ஒருமுறை, லாரி வந்து நிற்கிற மேற்கு வாசலில் நாலு மணி வெயிலில் ஒருமுறை. நான் நாகரிகம் என்று நினைத்து வைத்திருந்த வெளிர் சாம்பல் எழுத்து வாசலில் காணாமலே போய்விட்டது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்பது வெப் அணுகல் விதி. வெயிலில் அதுவே கொஞ்சம் கம்மிதான். ஆல்டருக்கு மஞ்சள், டேமேஜுக்குச் சிவப்பு என்று வைத்திருந்தோம். மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து எந்த வெளிச்சத்திலும் ஆகாது, கறுப்புக்கு மாறினோம். நிறத்தை மட்டும் நம்பாமல் இரண்டு பட்டனின் வடிவத்தையும் வேறாக்கினோம், நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் எந்த லைனிலும் இருக்கலாம். முதலாளியும் மகனும் வாசலில் நின்றுகொண்டு ஏயா, பியா என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். அந்த மணி நேரம் எனக்கு உறுத்தவே இல்லை, வேறு எல்லாமும் அதற்குள் முடிவாகியிருந்தது.

கடைசியில்தான் ஃபிக்மாவில் முழு ஸ்கிரீன்கள். அசல் நிறம், அசல் எழுத்து, அசல் எண். நாலே நாளில் முடிந்தது, முதல் தடவை பத்து நாள் ஆனது. அதை அச்செடுத்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, எங்கள் ஆபீஸ் சுவரில் ஒன்று, அவர் ஆபீசில் ஒன்று. சீல் ஆன பிபி. அதற்குப் பிறகு வந்த ஆசைகள் எல்லாம் அடுத்த லாட்டுக்கு.

எல்லாரிடமும் காகிதம் செல்லும் என்று சொல்ல மாட்டேன். போன மாசம் அதே கம்பெனியில் கட்டிங் பகுதிக்கு வரைய ஆரம்பித்தேன். கட்டிங் மாஸ்டர் அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வெளங்காதுங்க, போன்ல காட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடம் மாதிரியின் பெருமையைப் பேசிப் பயனில்லை. அட்டைகளை அங்கேயே போட்டோ எடுத்து, அவர் போனுக்கு அனுப்பி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். அதே கிறுக்கல், அதே ஸ்கெட்ச் பேனா. கையில் போன் வந்ததும் ஆள் மாறிவிட்டார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், முன்னும் பின்னும் தள்ளினார். மூன்றாவது படத்தில் நின்று, "ஏனுங்க, லே நீளம் எங்க போடறது?" என்றார்.

வெட்டுவதற்கு விரிக்கிற துணியடுக்கின் நீளம். அது என் தாளில் எங்குமே இல்லை. பேனா மூடியைத் திறந்தேன்.